உதவி: வகுபடுதல் கூற்றை எப்பிடி எழுதினா பிள்ளையளுக்குக் குழப்பம் வராது?

பரந்தன்பிள்ளை:
வணக்கம், பரந்தனில சாதாரண தரப் பிள்ளையளுக்குப் பின்னேர வகுப்பு எடுக்கிறன், நோட்ஸும் நானே ரைப் பண்ணிக் குடுக்கிறனான். போன கிழமை "க, ச என்ற இரண்டு எண்களால் வகுபடும் எண் அவற்றின் பெருக்கத்தாலும் வகுபடும்" எண்டு எழுதிக் குடுத்திட்டன், கடைசி வாங்கில இருந்த பிள்ளை எழும்பி "ரீச்சர், 12 நாலாலயும் பிரியுது ஆறாலயும் பிரியுது, 24 ஆல பிரியாதே" எண்டுது. சரியாத்தான் கேட்டுது. நான் 2, 3, 6 ஐயே மனசில வச்சு எழுதினபடியா பிழை தெரியேல்ல. எப்பிடித் திருத்துறது? முதன்மை எண்ணுக்கு "1 ஆலும் தன்னாலும் மட்டும் வகுபடும் எண்" எண்டு போட்டிருக்கிறன், அதையும் ஒருக்காப் பாருங்கோ.

நெடுங்கேணியான்:
தங்கச்சி, 4, 6 ரெண்டுக்குள்ளயும் ஒரு 2 பொதுவாக் கிடக்கு. 24 க்கு மூண்டு 2 வேணும், 12 இல ரெண்டுதான் இருக்கு. 1 ஐத் தவிர வேற பொதுக்காரணி இருக்கக்கூடாது எண்ட நிபந்தனை விடுபட்டிட்டுது. அதை வாலில ஒட்டாமல் முன்னுக்கே போடுங்கோ:

"க, ச, ம ஆகியன நேர் நிறைவெண்கள். க, ச ஆகியவற்றின் பொதுக்காரணி 1 மட்டுமே. ம ஆனது க ஆலும் ச ஆலும் வகுபடுமாயின், க × ச ஆலும் வகுபடும்."

உங்கட வசனத்தில மூண்டாவது எண்ணுக்குப் பேரே இல்ல, "அவற்றின்" எதைச் சொல்லுதெண்டு பிள்ளை தேடவேண்டிக் கிடக்கு.

வவுனியா கணக்கு ரீச்சர்:
முதன்மை எண்ணில 1 ஐப் போட்டுப் பாருங்கோ பிள்ளை, அதுவும் உள்ளுக்க வந்திடும். வந்தா 6 ஐ 2 × 3, 1 × 2 × 3, 1 × 1 × 2 × 3 எண்டு எழுதிக்கொண்டே போகலாம், முதன்மைக் காரணிகளா ஒரேயொரு விதமாத்தான் பிரிக்கலாம் எண்ட தேற்றமே நிக்காது. "சரியாக இரண்டு நேர்க் காரணிகளைக் கொண்ட நேர் நிறைவெண் முதன்மை எண் எனப்படும்" எண்டு எழுதுங்கோ. 1 க்கு ஒரு காரணிதானே. வரைவிலக்கணத்துக்கு "எனப்படும்", தேற்றத்துக்கு "ஆகும்", இதைக் கலக்காதேங்கோ, எது பேர் வைக்கிறது எது நிறுவவேண்டியது எண்டு பிள்ளைக்கு அதிலதான் பிடிபடும்.

பரந்தன்பிள்ளை:
நன்றி ரீச்சர். "ஒரு", "எல்லா" வாற இடமெல்லாம் இப்ப பயமாக் கிடக்கு.

வவுனியா கணக்கு ரீச்சர்:
"ஒவ்வொரு வயலுக்கும் தண்ணி வர ஒரு வாய்க்கால் இருக்கு" எண்டா வயலுக்கு வயல் வாய்க்கால் மாறலாம். "ஒரு வாய்க்கால் இருக்கு, அதால எல்லா வயலுக்கும் தண்ணி வரும்" எண்டா கதை வேற. இரணைமடுக் குளத்துத் தண்ணியில விதைக்கிற வீட்டுப் பிள்ளையளுக்கு உடன விளங்கும். அப்பிடியே "ஒவ்வொரு எண்ணுக்கும் அதைவிடப் பெரிய எண் உண்டு" சரி, "எல்லா எண்ணையும்விடப் பெரிய எண் உண்டு" பிழை.

பரந்தன்பிள்ளை:
இண்டைக்குப் புதுசைக் குடுத்தன். அதே பிள்ளை வாசிச்சிட்டு "4, 6 க்கு இது பொருந்தாது ரீச்சர், 2 பொதுவா வருது" எண்டுது. பிறகு, பெருக்கத்தால வகுபட்டா தனித்தனியவும் வகுபடுமோ எண்டு கேட்டுது.

நெடுங்கேணியான்:
மறுதலையைக் கேட்டிருக்கு, கெட்டிக்காரப் பிள்ளை. வகுபடும், அதுக்குப் பொதுக்காரணி நிபந்தனையே தேவையில்ல. அதாலதான் ரெண்டையும் ஒரே வசனத்தில கட்டாமல் தனியா எழுதுங்கோ தங்கச்சி.