மென்பிளாஸ்டிக் புழுவின் வயிற்றுப்பக்கம் மட்டும் குமிழிகள்: குறை திரவத்திலா, அச்சிலா?

சுருள்வால்:
அனைவருக்கும் வணக்கம். தூண்டிலுக்கான மென்பிளாஸ்டிக் புழுக்களை வீட்டிலேயே வார்க்கத் தொடங்கி இரண்டு மாதங்கள் ஆகின்றன. பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள சுருள்வால் புழு ஒன்றை மாதிரியாக வைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் மேற்புறம் திறந்த ஒற்றை அச்சு ஒன்றைச் செய்தேன். மறுநாள் தொட்டுப் பார்த்தபோது காய்ந்திருந்ததால், நீர் கலந்த வெள்ளைப் பசையை அதன்மேல் மூன்று முறை பூசினேன். புழு வார்க்கும் திரவமான பிளாஸ்டிசாலைக் கண்ணாடிக் குவளையில் மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கி, பால்போன்ற வெண்மை மாறித் தெளிந்தவுடன் ஊற்றுகிறேன். வெப்பமானி என்னிடம் இல்லை.

வார்த்த புழுக்களின் தட்டையான மேற்பக்கம் வழவழப்பாக இருக்க, அச்சைத் தொட்ட வயிற்றுப்பக்கத்தில் மட்டும் கடுகளவுக் குழிகள் நிறைந்திருக்கின்றன. அச்சினுள் பசைப்பூச்சும் இரண்டு இடங்களில் தீக்கொப்புளம்போல எழும்பிவிட்டது. எஞ்சிய பிளாஸ்டிக்கை மீண்டும் உருக்கி ஊற்றினால் பழுத்த இலையின் மஞ்சள் நிறம் வருகிறது. விரைவாக மூழ்கட்டும் என்று உப்புத்தூள் சேர்த்த புழுக்களோ முள்ளில் கோக்கும்போதே கிழிகின்றன. போதாக்குறைக்கு, தண்ணீரில் இழுத்தால் வால் அசையாமல் குச்சிபோல வருகிறது. நான் வாங்கிய திரவமே தரமற்றதோ என்று ஐயப்படுகிறேன். வேறொன்றை வாங்குவதற்குமுன் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அச்சுத்தச்சன்:
திரவத்தை மாற்ற வேண்டாம், நண்பரே. குழிகள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்பதிலேயே உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. கலக்கும்போது புகுந்த காற்றாக இருந்தால் அது மேலெழுந்து தட்டைப் பக்கத்தில்தான் பெரும்பாலும் தங்கியிருக்கும். அச்சைத் தொட்ட பக்கத்தில் மட்டும் குழி விழுகிறது என்றால், அச்சுக்குள் இருக்கும் நீர் ஆவியாகி, இறுகிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை உள்ளிருந்து தள்ளுகிறது என்று பொருள். பூச்சு கொப்புளித்ததும் அதே ஆவியின் வேலைதான்.

பிளாஸ்டர் தொடுவதற்குக் காய்ந்ததுபோல் தோன்றுவதற்கும் உண்மையில் காய்வதற்கும் நெடுந்தொலைவு. 100 கிராம் பிளாஸ்டர் இறுகுவதற்கு வேதியியல்படி ஏறத்தாழ 19 கிராம் நீரே போதும். ஆனால் குழைத்து ஊற்றுவதற்கு வசதியாக இருக்கவேண்டும் என்பதற்காக நாம் 60, 70 கிராம் வரை சேர்க்கிறோம். மிச்ச நீர் முழுவதும் நுண்துளைகளில் தேங்கிக்கிடக்கிறது. நீங்கள் மறுநாளே பசை பூசியதால் அது வெளியேறும் வழியையும் அடைத்துவிட்டீர்கள். 170 டிகிரி செல்சியஸை நெருங்கிய பிளாஸ்டிக் மேலே விழும்போது அந்த நீர் சும்மா இருக்குமா?

புதிய அச்சைச் சமையல் தராசில் நாள்தோறும் நிறுத்து, அடுத்தடுத்த இரண்டு நாள்களில் எடை மாறாத பிறகே பூச்சைத் தொடங்குங்கள். விரைவாகக் காயவைக்க அடுப்பைப் பயன்படுத்தினால் 50 டிகிரிக்கு மேல் போகவேண்டாம். சூடு மிகுந்தால் பிளாஸ்டர் தன்னுள் வேதியியல்படி பிணைந்திருக்கும் நீரையும் இழந்து மாவுபோல உதிரும். வெள்ளைப் பசைக்குப் பதிலாக எபாக்சி என்னும் இறுகும் பிசினை மெல்லியதாகப் பூசினால் வெப்பத்தை நன்றாகத் தாங்கும். அடிப்புறத்தை மட்டும் பூசாமல் விட்டுவிடுங்கள், எஞ்சிய ஈரம் அவ்வழியே போகட்டும்.

கெளுத்தி:
அச்சைப் பற்றி மேலே சொன்னது முற்றிலும் சரி. ஆயினும் கிழிவதையும் மஞ்சளாவதையும் அதன் கணக்கில் எழுத முடியாது. பிளாஸ்டிசால் என்பது பாலிவினைல் குளோரைடு தூள் நெகிழ்வூட்டி எண்ணெயில் மிதக்கும் கலவை என்பதால், புட்டியை அசைக்காமல் வைத்திருந்தால் தூள் அடியில் படிந்துவிடும். நன்றாகக் குலுக்காமல் மேலாக ஊற்றி எடுத்தால் எண்ணெய் மிகுந்த, வலுவற்ற புழுதான் கிடைக்கும்.

சூடாக்கும்போது அது முதலில் கூழாகித் தடித்து, பிறகுதான் மீண்டும் இளகி நீர்த்தன்மை அடைகிறது. தெளிந்ததுபோல் தோன்றும் முதல் கணத்தில் உருகல் முழுமை பெற்றிருக்காது. 165 முதல் 175 டிகிரி வரை கொண்டுபோக வேண்டும். 190 டிகிரியைத் தாண்டினாலோ கருகத் தொடங்கும். மைக்ரோவேவ் ஒரே சீராகச் சூடாக்குவதில்லை என்பதால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, காற்றை உள்ளே இழுக்காமல் மெதுவாகக் கிளறுங்கள். அகச்சிவப்பு வெப்பமானி மேற்பரப்பை மட்டுமே அளக்கும் என்பதால் கிளறிய பிறகே அதைக் காட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் வெப்பத்தில் சிதையாமல் காக்கத் திரவத்தில் சேர்த்திருக்கும் பொருள் சிறிது செலவாகிறது. அது தீர்ந்த பிறகு வருவதுதான் உங்கள் மஞ்சள். அத்தகைய மிச்சத்தைக் கறுப்பு அல்லது அடர்பழுப்புப் புழுவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

உப்பைப் பொறுத்தவரை, அதுவும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் என்பதை மறக்கவேண்டாம். வறட்டுச் சூட்டில் உலர்த்தி, மிக நுண்ணியதாக அரைத்துச் சேர்த்தாலும் புழுவின் வலு ஓரளவு குறையவே செய்யும். என்னைக் கேட்டால், முதல் ஐம்பது புழுக்களை உப்பில்லாமலே வார்த்துப் பழகுங்கள் என்பேன்.

வால் அசையாததற்குக் காரணம், வார்த்த வால் தடித்துப்போனதே. அச்சின் மற்ற பகுதியைவிட வால் பகுதி மெல்லியதாதலால் விரைவில் ஆறிவிடும். எனவே நூலளவு தாரையாக வாலிலிருந்து தொடங்கித் தலையை நோக்கி ஊற்றவேண்டும். விளிம்பைத் தாண்டி வழிந்த படலத்தைக் கத்தரியால் நறுக்கிவிடுங்கள்.

ஆழ்நீர்:
ஒரு செய்தி விடுபட்டுவிட்டது. கருகும் பிளாஸ்டிசால் ஹைட்ரஜன் குளோரைடு வளிமத்தை வெளியிடும். அது கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். காற்றோட்டமான வெளியிடத்தில், உணவுக்குப் பயன்படுத்தாத தனி அடுப்பில், பாதுகாப்புக் கண்ணாடியும் நீண்ட கையுறையும் அணிந்து மட்டுமே இதைச் செய்யுங்கள். புகைந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு விலகி நில்லுங்கள். எக்காரணம் கொண்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள். குவளையின் அடியில் ஒரு சொட்டு நீர் தங்கியிருந்ததால் மணிக்கட்டில் பெற்ற தழும்பு எனக்கு இன்னும் இருக்கிறது.

சுருள்வால்:
மூவருக்கும் நன்றி. புதிய அச்சை வார்த்து எடை பார்த்தேன். முதல்நாள் 612 கிராம் இருந்தது, ஒன்பதாம் நாள் 455 கிராமில் வந்து நின்றது. கையில் ஏந்தும்போதே வேறுபாடு தெரிகிறது. எபாக்சி பூசி, 170 டிகிரியில், உப்பில்லாமல் ஊற்றியதில் வயிற்றுப்பக்கத்தில் ஒரு குழிகூட இல்லை. வாலும் மெதுவாக இழுத்தாலே சுழல்கிறது. ஆனால் சிவப்பையும் வெள்ளையையும் ஒரே கடினப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வைத்ததில், வெள்ளைப் புழுக்கள் இளஞ்சிவப்பாகிவிட்டன, பெட்டியின் அடித்தளமும் பிசுபிசுக்கிறது.

அச்சுத்தச்சன்:
நெகிழ்வூட்டி எண்ணெய் சாயத்தையும் தன்னோடு இழுத்துச் செல்லும், பாலிஸ்டைரீன் போன்ற கடினப் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். நிறத்துக்கு ஒன்றாகப் பாலித்தீன் உறைகளில் பிரித்துப் போடுங்கள். சூடு ஆறுவதற்குள் வளையாமல் நேராகப் படுக்கவைத்து ஆறவிடவும் வேண்டும்; ஆறும்போது வளைந்திருந்தால் அந்த வளைவே நிலைத்துவிடும்.