அம்மம்மாவுக்கு 91 வயது, குடலில் கான்சர். ஒப்பரேசன் செய்யலாமா?

பரந்தன் பேரன்:
போன மாதம் வரை தானே கிணற்றடிக்குப் போய்க் குளித்து, கோழிகளுக்குக் குறுணல் போட்டுக்கொண்டிருந்தவர். மூச்சு வாங்குகிறது என்று காட்டப்போனால் இரத்தத்தில் ஹீமோகுளோபின் வெறும் 7. கமரா விட்டு, ஸ்கானும் எடுத்துப் பார்த்ததில் பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி, வேறெங்கும் பரவவில்லையாம். யாழ்ப்பாணத்துச் சேர்ஜன் வெட்டி எடுக்கலாம் என்கிறார். மாமாவோ “இந்த வயசில கத்தி வைச்சால் மேசையிலேயே போயிடுவா” என்று ஒரே பிடியாக நிற்கிறார். அம்மம்மாவிடம் இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வார்டுக்காரி:
மேசையில் போவது அரிது தம்பி. பயப்பட வேண்டியது அதற்குப் பிறகு வரும் நாட்களுக்கு: நிமோனியா, குடல் தையல் கசிவது, இரவில் புத்தி தடுமாறி சேலைன் ஊசியைப் பிடுங்குவது. வயதை விட, ஆள் எவ்வளவு நடமாடுகிறார், எவ்வளவு சாப்பிடுகிறார், இருதயமும் சிறுநீரகமும் ஞாபகமும் எப்படி என்பதுதான் கணக்கு. மயக்க மருந்து டொக்டரிடம் கட்டாயம் கதையுங்கள். வலப்பக்கக் கட்டி பெரும்பாலும் சத்தமில்லாமல் இரத்தத்தைக் குடிக்கும், அடைப்பது பிந்தித்தான், ஆகவே டொக்டர் அவசரமில்லை என்றால் இரண்டு மூன்று கிழமையில் இரும்புச் சத்து ஏற்றி, முட்டை, மீன் கொடுத்து, மூச்சுப் பயிற்சியும் பழக்கலாம். ஒப்பரேசனுக்கு மறுநாளே கதிரையில் இருத்த வேண்டும், புத்தி தடுமாறாமல் இருக்க மூக்குக்கண்ணாடியையும் கையோடு கொண்டுபோங்கள்.

முள்ளியவளை:
அப்புவுக்கு 88. வேண்டாம் என்று விட்டோம். ஐந்தாம் மாதம் குடல் அடைத்து, வயிறு பானை போல வீங்கி, நடுச்சாமத்தில் ஏற்றிக்கொண்டு ஓடி அவசரமாக வெட்ட வேண்டி வந்தது. ஆள் வீடு திரும்பவில்லை. செய்வதென்றால் தெம்பு இருக்கும்போதே செய்யுங்கள்.

குளக்கட்டு:
மறுபக்கமும் இருக்கு. எங்கள் ஆச்சிக்கு 86, ஒப்பரேசன் சரி, ரிப்போர்ட்டும் சரி, ஆனால் அதற்குப் பிறகு கட்டிலை விட்டு எழும்பவே இல்லை. செய்யாமல் விட்டாலும் கைவிடுவதாக ஆகாது, இரத்தம் ஏற்றலாம், நோவுக்கு மருந்து இருக்கு. அதுசரி, அவவின் வயிற்றைப் பற்றி அவவைத் தவிர எல்லோரும் கதைக்கிறீர்களே?

பரந்தன் பேரன்:
நேற்றிரவு சொன்னேன். கமரா விட்ட அன்றே டொக்டரின் முகத்தில் பார்த்துவிட்டாவாம். கேட்டது ஒன்றே ஒன்று: “வயித்தில பை கட்டி விடுவினமோ?”

வார்டுக்காரி:
வலப்பக்கம் என்றால் அநேகமாக உடனேயே குடலைப் பொருத்திவிடுவார்கள், மலம் வெளியேற வயிற்றில் ஒட்டும் பை தேவைப்படாது. ஆனாலும் சேர்ஜனிடமே கேட்கச் சொல்லுங்கள்.

பரந்தன் பேரன்:
செவ்வாய்க்கிழமை கிளினிக். மாமாவும் வருகிறார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.