ஏரிக்கரை ஆலமரத்தில் பழந்தின்னி வௌவால்: எண்ணுவது, மீட்பது, ஊருக்குச் சொல்வது

கரைமேடு:
வணக்கம். எங்க ஊர் ஏரிக்கரையில ரெண்டு ஆலமரமும் நாலு மருதமரமும் நிக்குது. ஆறு மரத்துலயும் பழந்தின்னி வௌவால்கள். அதுகளைக் காப்பாத்த பன்னிரண்டு பேர் சேர்ந்திருக்கோம். நாலு விஷயம் தெரியணும்.

பகல்ல எண்ணினா ஒருத்தர் 400ங்கிறார், அடுத்தவர் 900ங்கிறார். சரியா எண்ண வழி என்ன? கொய்யாத் தோப்பு வலையிலயும் காத்தாடி நூல்லயும் சிக்கினதை எப்படி எடுக்கிறது? நிபா பயத்துல மரத்தை வெட்டச் சொல்றவங்களுக்கு என்ன பதில்? வௌவால் சத்தம் கேட்கும் டிடெக்டர் வாங்கப் பணம் சேர்த்திருக்கோம், எது வாங்கலாம்?

மூன்றாம்சாமம்:
எண்ணிக்கை பத்தி மட்டும் சொல்றேன். ஆலமரத்துல பகல் கணக்கு நிக்காது. இலை மறைக்கும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டித் தொங்கும், குட்டி தாயோட இறக்கைக்குள்ள இருக்கும். அந்தியில வெளியே கிளம்பும்போது எண்ணுறதுதான் நம்பகமானது.

முதல் நாள் எண்ணவே வேண்டாம். எந்தெந்தப் பக்கமாப் பறந்து போகுதுன்னு மட்டும் பாருங்க. பெரும்பாலும் ரெண்டு மூணு தாரையாப் பிரியும். ஒவ்வொரு தாரைக்கும் ரெண்டு பேர்: ஒருத்தர் கண்ணை எடுக்காம எண்ணணும், இன்னொருத்தர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதணும். ஒரே ஆள் ரெண்டும் செய்தா, குனிஞ்சு எழுதுற நேரத்துல முப்பது போயிடும். உங்க எல்லை எங்க முடியுது, பக்கத்துக் குழுவோடது எங்க தொடங்குதுன்னு ஒரு பனைமரத்தையோ மின்கம்பத்தையோ அடையாளம் வச்சுக்கங்க. இது இல்லாததாலதான் ஒரே வௌவால் ரெண்டு தாள்லயும் ஏறுது.

சூரியன் மறையறதுக்கு அரை மணி முன்னாடியே இடத்துல உட்காரணும், மரத்துலேர்ந்து 50 மீட்டராவது தள்ளி. தாழ்ந்த இடமாப் பாருங்க. வௌவாலுக்குப் பின்னால வானம் இருந்தாத்தான் கறுப்பு உருவமாத் தெரியும், பின்னால மரக்கூட்டம் வந்தா காணாமப் போயிடும். கிழக்கு வானம் முதல்ல இருண்டுடும், அதனால நல்ல கண் இருக்கிறவரை அந்தப் பக்கம் நிறுத்துங்க. கையில அழுத்தி எண்ணுற டாலி கவுண்டர் போதும். கூட்டம் அடர்ந்தா பத்துப் பத்தா எண்ணுங்க. 'பத்து'ன்னா கண்ணுக்கு எவ்வளவு அகலம்னு முதல் அஞ்சு நிமிஷத்துலயே பழகிக்கணும். திரும்பி மரத்துக்கே வர்றதைத் தனியாக் குறிச்சு கழிக்கணும். பத்து நிமிஷம் ஒண்ணும் வரலேன்னா முடிச்சுக்கலாம்.

மூணு மாலை எண்ணி, மூணு எண்ணையும் அப்படியே வச்சுக்கங்க. சராசரி மட்டும் வச்சா எவ்வளவு ஏற்ற இறக்கம்னு பின்னால தெரியாது. மழையும் பலத்த காத்தும் உள்ள நாளை விட்டுடுங்க. அடுத்த வருஷமும் அதே மாசம், அதே இடம். தாள்ல தேதி, சூரியன் மறைஞ்ச நேரம், முதல் வௌவால் கிளம்பின நேரம், வானம், நிலா, சுத்துவட்டாரத்துல எது பூத்திருக்கு, எது பழுத்திருக்குன்னு எழுதுங்க. இலுப்பை வேற ஊர்ல பூத்தா கூட்டம் அந்தப் பக்கம் நகரும். எண்ணிக்கை பாதியானா செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. இந்தக் குறிப்பு இல்லாத கணக்கை வச்சு 'அழிவு'ன்னு அறிக்கை விட்டுடாதீங்க.

கைதட்டியோ கல்லெறிஞ்சோ கிளப்பி எண்ணாதீங்க. பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும் குட்டிக் காலம். பதறிக் கிளம்புற தாய்கிட்டேர்ந்து குட்டி கீழ விழுந்துடும்.

கோபுரநிழல்:
டிடெக்டரை இப்போதைக்கு வாங்காதீங்க. உங்க மரத்துல தொங்குற பழந்தின்னி வௌவால் மீயொலி, அதாவது மனுஷக் காதுக்கு எட்டாத சத்தம், எழுப்புறது இல்ல. கண்ணாலயும் மோப்பத்தாலயும்தான் வழியும் பழமும் கண்டுபிடிக்குது. உங்க மரத்தடியில டிடெக்டர் பிடிச்சா பூச்சி சத்தம்தான் கேட்கும். அந்தப் பணத்துல 8x42 பைனாகுலர் ஒண்ணு, டாலி கவுண்டர் ஆறு, சிவப்பு ஒளி டார்ச் ரெண்டு வாங்குங்க.

பின்னொரு நாள் கோயில் மண்டபத்துல இருக்கிற பூச்சித்தின்னி வௌவால்களைப் பார்க்கப் போனா டிடெக்டர் தேவைப்படும். பதிவு செய்யுற கருவின்னா அதோட சாம்பிளிங் வேகம் (வினாடிக்கு எத்தனை தடவை சத்தத்தை அளக்குதுங்கிறது) 384 கிலோஹெர்ட்ஸ் இருக்கணும். அந்த வேகத்துல பாதி வரைக்கும் உள்ள சத்தம்தான் பதிவாகும்; 256ன்னா 128 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான், நம்ம பக்கத்து இலைமூக்கு வௌவால்கள்ல சிலது அதுக்கும் மேல கத்தும்.

மண்டபத்துல எச்சத்தை உலர்வாப் பெருக்கவே கூடாது. தண்ணி தெளிச்சு, என்95 முகக்கவசம் போட்டு அள்ளணும். தூசியோட பூஞ்சை நுரையீரலுக்குப் போகும்.

நூலறு:
மீட்பு பத்தி. பன்னிரண்டு பேரும் வௌவாலைத் தொட வேண்டியதில்ல. ரேபிஸ் முன்தடுப்பு ஊசி போட்ட ரெண்டு மூணு பேர் தொட்டாப் போதும், மத்தவங்க கூட்டத்தை விலக்கி, ஏணி பிடிச்சு, வனச்சரகருக்குத் தகவல் சொல்லட்டும்.

பை இப்படி இருக்கணும்: நைட்ரைல் கையுறை, அது மேல வெல்டிங் தோல் கையுறை, கனமான பருத்தித் துண்டு நாலு, முனை மழுங்கின கத்தரிக்கோல், மூடியுள்ள அட்டைப்பெட்டி. பெட்டிக்குப் பக்கவாட்டுல விரல் நுழையாத சின்னத் துளைகள் போடுங்க. உள்ள ஒரு துணியை மேலிருந்து தொங்க விடுங்க. பிடிச்சுத் தொங்க ஏதாவது கிடைச்சா வௌவால் அடங்கிடும், தரையில கிடத்தினா படபடத்து இறக்கையைக் கிழிச்சுக்கும்.

முதல்ல தலையைத் துண்டால மூடுங்க. கண் மறைஞ்சாலே பாதி போராட்டம் நின்னுடும். நூலை இழுக்கவே கூடாது. சுத்தி வெட்டி, உடம்புல சிக்கின நூல்துண்டோடயே பெட்டியில வச்சு கால்நடை மருத்துவர்கிட்ட கொண்டு போங்க. எடுத்தவுடனே நல்லா இருக்கேன்னு பறக்க விடுறதுதான் எல்லாரும் செய்யுற தப்பு. நூல் இறுக்கின இடத்துல ரத்த ஓட்டம் நின்னு, இறக்கைச் சவ்வு ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் கறுத்து உதிரும். அதுக்குள்ள விட்டா எங்கேயோ விழுந்து சாகும். பால் ஊட்டாதீங்க. தெளிவா இருந்தா சிரிஞ்சுல சொட்டுச் சொட்டாத் தண்ணி, அவ்வளவுதான்.

மின்கம்பியில அடிபட்டுத் தொங்கினா கம்பு நீட்டாதீங்க. ஈபிக்குச் சொல்லி லைனை நிறுத்தின பிறகு லைன்மேன்தான் இறக்கணும். குட்டிக் காலத்துல தாய் செத்திருந்தாலும் மார்பைப் பாருங்க, குட்டி உயிரோட ஒட்டியிருக்கும். பிடுங்கி எடுத்தா அதோட வாய் கிழியும். தாயோடயே சேர்த்துத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போங்க.

கடியோ கீறலோ பட்டா, ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஜி.எச். போகணும். நாய்க்கடிக்கு என்ன செய்வோமோ அதேதான்.

வலை விஷயத்துல தோப்புக்காரர்கிட்ட சண்டை போடாதீங்க, அவர் பழமும் பணம்தான். விரல் நுழையுற கண்ணுள்ள தொளதொள வலைதான் கொல்லுது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துல 2021லிருந்து வீட்டுப் பழமரங்களுக்கு 5 மி.மீ.க்கு மேல கண் உள்ள வலை போடக் கூடாது. அதே அளவை இங்கயும் பரிந்துரைக்கலாம். வெள்ளை வலை, ஃபிரேம்ல இறுக்கிக் கட்டணும். அடியில இடைவெளி விட்டா வௌவால் உள்ள புகுந்து மாட்டும்.

இலுப்பைத்தோப்பு:
நிபாவைப் பத்தி ஊர்ல 'ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லாதீங்க. 2018ல கோழிக்கோட்டுப் பக்கம் வந்த நிபா எல்லாருக்கும் நினைவிருக்கு, பழந்தின்னி வௌவால் அந்த வைரஸைச் சுமக்கிறதும் உண்மை. அதை ஒத்துக்கிட்டு, செய்ய வேண்டியதைச் சொல்லுங்க. கடிபட்ட, தரையில விழுந்த பழத்தைப் பிள்ளைங்க எடுத்துத் தின்னக் கூடாது. பதநீர்க் கலயத்தை மூடிக் கட்டணும். மரத்துக்குக் கீழ ஆடு மாடு கட்டக் கூடாது. செத்த வௌவாலை வெறும் கையால தொடக் கூடாது. மரத்தை வெட்டினா வௌவால் சாகாது, சிதறி வீட்டுப் பக்கத்து மாமரத்துக்கும் பள்ளிக்கூடத்து மரத்துக்கும் வரும். ஏரிக்கரையில ஒதுங்கியிருக்கிறதுதான் ஊருக்கும் பத்திரம்.

சட்டத்தையும் தெரிஞ்சு வச்சுக்கங்க. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல பழந்தின்னி வௌவால்கள் காக்கை, எலியோட தீங்குயிர்ப் பட்டியல்ல இருந்துச்சு. 2022 திருத்தத்துல அந்தப் பட்டியலையே எடுத்துட்டாங்க, 2023 ஏப்ரல் 1லிருந்து நடைமுறை. 'அதைக் கொல்லலாம்'னு பழைய சட்டத்தைக் காட்டுறவங்க இன்னும் இருக்காங்க.

கரைமேடு:
ரொம்ப நன்றி. டிடெக்டர் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். ஆகஸ்ட் கடைசி வாரம் உலக வௌவால் இரவுக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலாமா?

மூன்றாம்சாமம்:
வரலாம். ஆகஸ்டுல குட்டிகள் பறக்கத் தொடங்கியிருக்கும், தொந்தரவு குறைவு. ஒரு தடவைக்கு இருபது பேருக்கு மேல வேண்டாம், கரைக்கு எதிர்ப் பக்கம் நிறுத்துங்க, செல்போன் ஃபிளாஷை முன்னாடியே அணைக்கச் சொல்லுங்க. ஏரியில தண்ணி இருந்தா கிளம்பினதும் சிலது தாழப் பறந்து வயித்தை நனைச்சு, பிறகு முடியை நக்கிக் குடிக்கும். பிள்ளைங்களை அதைப் பார்க்க வச்சுடுங்க. வௌவால் மிரளும், தீபாவளிக்கு வெடி வேண்டாம்னு பெரியவங்ககிட்ட நீங்க பேசுறதைவிட, அந்தப் பிள்ளைங்க வீட்டுல பேசட்டும்.