மலைவேம்புப் போத்து துளிர்க்கிறது, வேர்விடவில்லை

கோபிசெட்டிபாளையம் பக்கம். ஆடியில் வைத்த மலைவேம்புப் போத்துகள் (வெட்டி நடும் குச்சிகள்) பச்சைப் பசேலென்று துளிர்த்துவிட்டு, மாதம் திரும்புவதற்குள் இலை உதிர்ந்து கறுத்துப்போகின்றன. பிடுங்கிப் பார்த்தால் அடிவெட்டில் வெள்ளையாகத் திசு திரண்டு தடித்திருக்கிறது. பெயருக்குக்கூட ஒரு வேர் கிடையாது.

வெட்டிய மரத்தின் மறுதாம்புக் கிளைகள், பென்சில் கனம். கார்பென்டாசிம் பூஞ்சைக்கொல்லியில் நனைத்து, ஐபிஏ என்னும் வேரூக்கித் தூளை முதலில் 1000, பிறகு 2000 பிபிஎம் அளவில் தொட்டு நட்டேன். தென்னைநார்க் கழிவு, ஆற்றுமணல் இரண்டிலும் பார்த்தாகிவிட்டது. நிழல்வலைக்குள் பாலித்தீன் கூடாரம், கைத்தெளிப்பான். பனிக்கூடம் (நீரைப் பனிபோலத் தெளிக்கும் அறை) கட்ட வசதியில்லை. இதே தூளில் சவுக்கு வேர்விட்டது, மருந்து பழுதில்லை. விதை போடச் சொல்லாதீர்கள், அதன் முளைப்புத்திறன் குறைவென்பது ஊரறிந்தது.

மலைவேம்பை வேர்பிடிக்க வைத்தவர்களே, ஐபிஏ அளவைக் கூட்டுவதா, இன்னும் இளந்தண்டாக எடுப்பதா?