பழைய சுவரை ஒட்டி வானம் (அஸ்திவாரக் குழி) தோண்ட யோசனை தேவை

கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீட்டுக்குப் பின்னால் 10க்கு 12 அடி அறை கூட்டிக் கட்டுகிறோம். முழுக்கக் கடல்மணல், 4 அடியிலேயே ஊற்று. பழைய கடைக்காலும் (அஸ்திவாரமும்) 4 அடியில்தான் நிற்கிறது. புதுக் குழிக்கு இன்ஜினியர் சொல்வது 5 அடி. மோட்டார் வைத்து இறைத்தால் தண்ணீரோடு மணலும் வந்துவிடும். பழைய கடைக்காலுக்கு அடியில் பொந்து விழுந்து சுவர் வெடிக்குமே, அதுதான் பெரிய பயம். அதனால் சுவரோரம் குழிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டி, சவுக்குக்கட்டையும் பலகையும் முட்டுக்கொடுத்து, கான்கிரீட் போட்டு மூடிய பிறகே அடுத்த குழி என்று நினைத்திருக்கிறோம்.

தூண்களை 3 அடி தள்ளி வைத்து பீமைச் சுவர்வரை நீட்டலாமா? அல்லது 4 அடியோடு நிறுத்தி, குழியை அகலமாக்கலாமா? உப்புத்தண்ணீருக்குக் கம்பிக்கு 75 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்), ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு கலந்த) சிமெண்ட் போதுமா? கரையோர மணலில் வேலை பார்த்த மேஸ்திரிகள் சொல்லுங்கள். மழைக்கு முன் முடிக்கணும்.