7 மில்லிமீட்டர் பாப்பிலரி கட்டி: எடுப்பதா, காத்திருப்பதா?

வடக்குவாசல்:
அக்காவுக்கு வயது 52. வேறு எதற்கோ கழுத்தில் ஸ்கேன் எடுக்கப் போய், தைராய்டின் வலது பக்கம் 7 மி.மீ. கட்டி ஒன்று தெரிந்தது. ஊசி குத்தி எடுத்த பரிசோதனையில் ‘பெதஸ்டா 6, பாப்பிலரி கார்சினோமா’ என்று வந்துவிட்டது, அதாவது பாப்பிலரி என்ற வகைத் தைராய்டுப் புற்றுநோய்தான் என்று. நிணநீர்க் கணுக்களில் ஒன்றும் இல்லை. மருத்துவர் இரண்டு வழி சொல்கிறார்: அந்தப் பக்கத்துப் பாதித் தைராய்டை எடுத்துவிடலாம், இல்லையென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம். புற்றுநோய் என்று சொன்ன அதே வாயால் சும்மா இருக்கலாம் என்றால் என்ன அர்த்தம்? அக்கா தைரியமாகத்தான் இருக்கிறாள், தூக்கம் போனது எனக்கு. காத்திருப்பதற்கு உருப்படியான ஆதாரம் ஏதாவது உண்டா?

ஸ்கேன்அறை:
உண்டு, அதுவும் நேற்று வந்ததில்லை. ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனையில், அகிரா மியாவுச்சியின் யோசனைப்படி, 1 செ.மீ. வரையுள்ள பாப்பிலரி கட்டிகளை எடுக்காமல் கண்காணிப்பதை 1993-லேயே தொடங்கிவிட்டார்கள். 2014-ல் 1,235 பேரின் கணக்கு வெளியானது. 10 ஆண்டுகளில் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்தவை சுமார் 8 சதவீதம். கணுக்களுக்குப் பரவியவை 4 சதவீதத்துக்கும் குறைவு. இந்தப் புற்றுநோயால் இறந்தவர் அதில் ஒருவரும் இல்லை. 40 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான் வளரும் வாய்ப்பு அதிகம், உங்கள் அக்கா அந்தப் பக்கம் இல்லை.

அது ஏன் 3 மி.மீ. என்று கேட்பீர்கள். திரையில் கட்டியின் விளிம்பில் இரண்டு புள்ளி வைத்துத்தான் அளக்கிறோம். நான் வைப்பதும் பக்கத்து அறைக்காரர் வைப்பதும் ஒரு மி.மீ. முன்னே பின்னே இருக்கும். அடுத்த முறை 8 என்று வந்தால் பதறாதீர்கள்.

அளவைவிட இடம் முக்கியம். கட்டி பின்பக்கம், குரல்வளை நரம்பு போகும் பாதையை ஒட்டி இருந்தால் காத்திருக்கச் சொல்ல மாட்டார்கள். மூச்சுக்குழாயைத் தொடும் கோணத்தையும் பார்ப்பார்கள். விரிகோணமாகப் படிந்திருந்தால் உள்ளே ஊடுருவும் பயம் உண்டு.

பாதிதைராய்டு:
எனக்கும் கிட்டத்தட்ட இதே அறிக்கை. மேலே சொன்னதெல்லாம் மருத்துவர் எனக்கும் விளக்கினார், புரிந்தது, ஆனாலும் எடுத்துவிட்டேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் வயிற்றைக் கலக்கும் ஆள் நான். கொஞ்ச நாள் குரல் கரகரத்தது, அப்புறம் சரியாகிவிட்டது. கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகள் மறுபக்கத்தில் அப்படியே இருப்பதால் கால்சியம் தொல்லை இல்லை. ஆனால் மிச்சப் பாதி ஈடுகொடுக்கவில்லை, தைராய்டு சுரப்பு போதவில்லை என்று காட்டும் டிஎஸ்எச் அளவு ஏறிவிட்டது. காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை இப்போது வாடிக்கை. எடுத்தால் தொல்லை தீர்ந்தது என்று யாராவது சொன்னால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வடக்குவாசல்:
இருவருக்கும் நன்றி. எடுத்தால் அப்புறம் கதிரியக்க அயோடினும் கொடுப்பார்களா? அக்கா பயப்படுவது அதற்கு மட்டும்தான்.

ஸ்கேன்அறை:
அறுவைக்குப் பின் மிஞ்சும் தைராய்டு செல்களை அழிக்கத்தான் அந்த அயோடின். பாதி மட்டும் எடுத்தால் அந்தப் பேச்சே பொதுவாக வராது. மிச்சமிருக்கும் நல்ல பாதியே அயோடினை இழுத்துக்கொள்ளும். முழுத் தைராய்டை எடுத்தவர்களிலும் ஆபத்து குறைந்தவர்களுக்கு அது தேவையா என்று பிரான்சில் சோதித்து, 2022-ல் முடிவு வந்தது. ஒரு குழுவுக்கு அயோடின், இன்னொரு குழுவுக்குக் கண்காணிப்பு மட்டும். 3 ஆண்டுகள் கழித்து இரண்டு பக்கமும் 95 சதவீதத்துக்கு மேல் பிரச்சினையில்லாமல் இருந்தார்கள். அதனால் அக்காவை அந்தக் கவலையை விடச் சொல்லுங்கள். முதலில் ஸ்கேன் அறிக்கையை எடுத்து, கட்டிக்கும் தைராய்டின் பின்புற உறைக்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.