கோடி போகும்போது ஏரி மீன்கள் நீரை எதிர்த்து ஏறுவது ஏன்? கலங்கல் பணிக்கு முன் ஒரு கேள்வி

வாலாஜா_ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாலாஜாப்பேட்டைக்குக் கிழக்கே, பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்கு நீர் கொண்டுசெல்லும் கால்வாயை ஒட்டி இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாழும் என் அண்ணன் தூண்டில் போடுவதில் ஆர்வம் மிக்கவர். அங்குள்ள ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீன் குளிர் தொடங்கும்போது சிற்றாறுகளை விட்டு ஆழமான நீருக்கு இறங்கிவிடும் என்றும், வசந்தத்தில் மீண்டும் ஏறிவரும் என்றும் அவர் சொன்னார். எங்கள் ஏரி ஐப்பசி, கார்த்திகையில் கோடி போகும்போது, அதாவது நிரம்பி உபரிநீர் வழியும்போது, கெண்டையும் கெளுத்தியும் அந்நீர் வழிந்தோடும் கட்டுமானமான கலங்கலுக்குக் கீழே திரண்டு நீரை எதிர்த்து ஏறுகின்றன. இரண்டும் ஒரே காரணத்தால் நிகழ்கின்றனவா?

இதை நான் இப்போது கேட்பதற்கு ஒரு தேவை உண்டு. சிதைந்துபோன கலங்கலின் கீழ்ப்பகுதியை இடுப்பளவு உயரத்தில் செங்குத்தான கான்கிரீட் சுவராகக் கட்டலாம் என்று ஊரில் பேசிவருகிறார்கள். அப்படிக் கட்டினால் மீன்கள் ஏற முடியுமா?

மீன்வளம்_படித்தவள் எழுதியது:

அண்ணா, வணக்கம். உங்கள் அண்ணன் சொன்னது உண்மை. விஸ்கான்சினில் எம்பராஸ் ஆற்று மீன்களுக்கு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தபோது, நீரின் வெப்பம் 16 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் அவை 60 கிலோமீட்டருக்கும் மேல் கீழ்நோக்கிப் பயணம் செய்து, வுல்ஃப் ஆற்றில் குளிர்காலத்தைக் கழித்தது தெரியவந்தது. வெப்பம் 10 பாகையை நெருங்கும்போது அந்த மீன் இரை தேடுவதைப் பெரிதும் குறைத்துக்கொண்டு ஆழத்தில் அடங்கிவிடும். ஆழமற்ற சிற்றாற்றில் அதற்குப் பாதுகாப்பான இடம் கிடைப்பது அரிது. வசந்தத்தில் நீர் 15 பாகை அளவுக்குச் சூடேறியதும், ஆண்மீன் சரளைக்கற்களைத் துடைத்துக் கூடமைத்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காக்கும். பேரேரிகளில் வாழும் பாஸ் மீன்களில் ஒரு பகுதி, முட்டையிடுவதற்காகவே கிளையாறுகளுக்குள் ஏறிவந்து, பிறகு ஏரிக்குத் திரும்பிவிடுகிறது.

நம் ஏரிகளின் நிலை வேறு. மார்கழிப் பனியிலும் நம் ஏரி நீர் 10 பாகைக்கு இறங்குவதில்லை. இங்கே பருவத்துக்குப் பருவம் மாறுவது வெப்பத்தைவிட நீரின் இருப்பே ஆகும். சித்திரையில் வெடித்துக் கிடந்த ஏரி ஐப்பசியில் நிரம்புகிறது. ஆகவே நீர்மட்டம் உயர்வதும், புதுநீர் கலங்கி ஓடிவருவதும்தான் நம் மீன்களைக் கிளப்பிவிடுகின்றன. புதிதாக நீரில் மூழ்கிய புல்வெளியில் குஞ்சுகளுக்கு இரை நிறைந்திருக்கும். பெரிய மீன்களின் தொல்லை குறைவாக இருக்கும். கெண்டை வகைகள் அந்த இடங்களைத் தேடியே ஏறுகின்றன. கட்லாவும் ரோகுவும் தேங்கிய குளத்தில் தாமாக முட்டையிடுவதில்லை. 1957இல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றைச் செலுத்தி முட்டையிடச் செய்த பிறகுதான், ஆற்றில் குஞ்சு சேகரிப்பதை மட்டும் நம்பியிராமல் வளர்ப்பு பரவியது. வெள்ளத்தோடு அவற்றின் வாழ்க்கை எவ்வளவு இறுகப் பிணைந்திருக்கிறது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

விரால் மட்டும் இதில் தனிவகை. அதற்கு நெடும்பயணம் தேவையில்லை. ஏரியோரக் கோரையின் நடுவே கூடமைத்து, செந்நிறக் குஞ்சுத் திரளைக் காத்து நிற்கும். அந்தக் காவல் குணத்தில் அதுதான் பாஸ் மீனுக்கு நெருக்கமானது.

கோடிக்கால் எழுதியது:

தம்பி, நான் காவேரிப்பாக்கம் ஆயக்கட்டில், அதாவது அந்த ஏரியின் பாசன நிலத்தில், பயிர் செய்பவன். மேலே அந்தப் பெண் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மீனின் போக்குவரத்து நம் பகுதியில் இரண்டு திசைகளில் நடக்கிறது. பாலாற்றில் நீர் வந்து அணைக்கட்டில் கால்வாயைத் திறந்தால், ஆற்று மீன்கள் நீரோடு இறங்கி ஏரிக்கு வந்துசேரும். ஏரி கோடி போனால், கீழேயுள்ள மீன்கள் எதிர்த்து மேலே வரும். காவேரிப்பாக்கம் ஏரியின் உபரிநீர் கொசத்தலையாற்றுக்குப் போகிறது. அந்த ஆறு பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. எனவே பாலாற்று மீனுக்கும் பூண்டி மீனுக்கும் இடையே நம் ஏரிதான் வழி. எத்தனையோ தலைமுறைகளாக இருந்துவரும் இந்த வழியை ஒரு சுவரால் அடைத்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பதால், இந்த இணைப்பு எல்லா ஆண்டும் அமைவதில்லை. வறண்ட ஆண்டுகளில் மதகுக்கு அருகிலுள்ள பள்ளமே மீன்களுக்குப் புகலிடம். விராலும் தேளியும் சேற்றுக்குள் ஈரத்தோடு காலந்தள்ளும். 2021 நவம்பரில் அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் நீர் போனதே, அத்தகைய வெள்ளம் எப்போதோ வருவது. அப்படி ஒரு வாய்ப்பு வரும்போது வழி திறந்திருக்க வேண்டும். கோடி போகத் தொடங்கிய முதல் சில நாள்களில் வாய்க்காலின் குறுக்கே பறி என்னும் மீன்பிடி கூடையை வைத்து, முட்டை சுமந்து ஏறும் மீனை மொத்தமாக அள்ளுவதையும் ஊரில் பேசி நிறுத்துங்கள்.

நீர்க்கட்டுமானம் எழுதியது:

ஐயா, சுவரைப் பற்றிய கேள்விக்கு விடை கூறுகிறேன். இடுப்பளவு செங்குத்துச் சுவரைச் சிறிய கெண்டையும் கெளுத்தியும் பெரும்பாலும் தாண்ட முடியாது. மீன் தாவுவதற்கு அடியில் ஆழமான மடு வேண்டும். தட்டையான கான்கிரீட் தளத்தின் மீது விரலளவு நீர் ஓடினால், நீந்துவதற்கும் இயலாது, தாவுவதற்கும் இயலாது. தடுப்பு எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்குக் காவிரியே சான்று: மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்ட பிறகு, கடலிலிருந்து ஏறிவந்த உள்ளம் (ஹில்சா) மீன் அங்கே அருகிப்போனது.

கலங்கல் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. ஓர் ஓரத்தில் மட்டும் நாலைந்து அடி அகலத்துக்குச் சாய்தளம் அமைத்தால் போதும். 20 அடி நீளத்துக்கு 1 அடி உயரம் என்ற அளவில் சரிவு மெதுவாக இருக்க வேண்டும். மூன்றடி உயரமென்றால் 60 அடி நீளம் தேவைப்படும். மேற்பரப்பைப் பூசி வழவழப்பாக்காமல், பெரிய கற்களை இடைவெளி விட்டுப் பாதி புதையும்படி பதியுங்கள். அவற்றின் பின்னால் மீன் நின்று இளைப்பாறும். சாய்தளத்தின் நடுப்பகுதி சற்றுத் தாழ்ந்திருந்தால், நீர் குறையும்போதும் அங்கே ஓட்டம் இருக்கும். இந்தத் தாழ்வைச் சாய்தளத்தில் மட்டும் வையுங்கள், கலங்கலின் தலைமட்டத்தில் கை வைக்காதீர்கள். தலைமட்டம் ஓர் அங்குலம் குறைந்தாலும் ஆயக்கட்டுக்காரர்கள் எதிர்ப்பார்கள்; அது நியாயமும்கூட. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரியானால் நீர்வளத் துறையிடமும், சிறிய ஏரியானால் ஊராட்சி ஒன்றியத்திடமும் முன்னதாகவே வரைபடத்தைக் காட்டி ஒப்புதல் பெறுங்கள்.

வாலாஜா_ஏரிக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சாய்தளம் பற்றி ஊர்க்கூட்டத்தில் பேசுகிறேன். ஒரு சிக்கல் மட்டும் மீதமிருக்கிறது. மீன்பாசிக் குத்தகை எடுப்பவர், தாம் விட்ட கட்லாக் குஞ்சுகள் வெளியேறாமலிருக்கக் கலங்கல் முழுவதும் வலை கட்டிவிடுகிறார். அவருடைய முதலீட்டையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும் அல்லவா?

மீன்வளம்_படித்தவள் எழுதியது:

கட்டாயம் எண்ணிப்பார்க்க வேண்டும், அண்ணா. ஏரி கோடி போய் ஓய்ந்த பிறகு, தை மாதத்தில் குஞ்சுகளை விடும்படி அவரிடம் பேசிப் பாருங்கள். அப்போது வெளியேறும் இழப்பே அவருக்கு இராது, கோடி போகும் நாள்களில் வலைக்கும் தேவை இராது. முந்தைய ஆண்டின் பெரிய மீன்கள் ஏரியில் இருந்தால், சிறிய நாட்டு மீன்கள் நுழையுமளவு இடைவெளி விட்ட மூங்கில் தட்டியைக் கட்டலாம். தட்டியில் செத்தை சேர்ந்தால் அதுவே சுவராகிவிடும் என்பதால், கோடி போகும் நாள்களில் காலையும் மாலையும் அதைத் துப்புரவு செய்ய ஓர் ஆளை அமர்த்துவதைக் குத்தகை நிபந்தனையிலேயே எழுதிவிடுங்கள்.